கேட்டால் நினைப்பு வந்துவிடாது

ஒரு அண்ணன், “மனசு சரியில்லாதவரிடம் சாவைப் பற்றிக் கேட்கவே கூடாது, இல்லாத நினைப்பும் வந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்புங்க.

நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உலக சுகாதார அமைப்பும் இதைத்தான் சொல்கிறது. பல்லடம் பக்கம் எங்கள் மாமா ஒருவர், விசைத்தறிக்காரர். பாவு ஏற்றிய தறியை நாலு நாளாக ஓட்டாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். “கடன் கவலை, சரியாயிரும்” என்றது ஊர். நான் கேட்டேன்: “மாமா, செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?” சட்டையில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம், “ரெண்டு மாசமா வருது மாப்ளே” என்றார். அதுவரை அத்தையிடம்கூடச் சொல்லவில்லையாம்.

அந்த நேரத்தில் புத்திமதி வேண்டாம். தனியாக விடாதீர்கள். தோட்டத்து வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள். 14416-ஐ அழையுங்கள், அது ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் வம்பு.

சரி, கேஸ் விஷயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். வேறுவிதமாக நிரூபணமானால் ஒழிய தண்டிக்க முடியாது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. போலீசுக்குப் பயந்து, விஷம் குடித்தவருக்கு வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.