பலம் மட்டும் போதாது

பஞ்சாப் காவல்துறை அதிகாரி பகதூர் சிங் சாகு, 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் குண்டு எறிதலில் தங்கம் வென்றதை, அவரைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'அசுர பலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே! 7.26 கிலோ இரும்புக் குண்டைப் பந்து மாதிரி வீச விதி இடம் தராது. கழுத்தோடு ஒட்டிவைத்து ஒரே கையால் தள்ள வேண்டும். நின்று எறியும் வட்டத்தின் விட்டமோ ஏழே அடி. அதற்குள் வேகமெடுத்து, சட்டென்று நிற்கவும் வேண்டும். வட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் தடுப்புக் கட்டையின் மேல்பகுதியைக் கால் தொட்டாலே ஃபவுல்.

எங்கள் வேலூர் நேதாஜி மைதானத்தில் காலையில் நடக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன்: இரவுப் பணி முடித்த காவலர் ஒருவர், குண்டைத் துண்டால் துடைத்துத் துடைத்து எறிந்துகொண்டிருப்பார். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் புழுதி அப்பியிருக்கும். பந்தோபஸ்து என்று அழைப்பு வந்தால் அன்றைய பயிற்சி போச்சு. சாகுவும் சீருடைக்காரர்தான், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கட்டுரைக்குக் கீழே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் 1978, 1982 ஆசிய விளையாட்டுத் தங்கங்களையும் சாகுவின் கணக்கில் சேர்த்திருக்கிறார். அவற்றை வென்றவர் வேறு பகதூர் சிங், ஐயா!