பெரியப்பா அனுப்பிய இரண்டாவது படம்

மாலை ஐந்தரைக்குக் கிளினிக் திறந்தால் ஒன்பதரைக்குள் எழுபது பேர். ஆளுக்கு மூன்றரை நிமிடம்கூட வராது. 67 நாடுகளின் நிலவரத்தைத் தொகுத்து 2017இல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். பரவாயில்லை, 48 விநாடிக்கு நாம் மேல்தான் என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்தது உண்மை.

நேரத்தை மிச்சம் பிடிக்கப் போன வருடம் ஒன்று செய்தேன். எடை, பல்ஸ், பிரஷர் எல்லாம் வெளியே சிஸ்டரே பார்த்துச் சீட்டில் எழுதிவிடுவார். உள்ளே வந்தால் விசாரித்து மருந்து எழுத வேண்டியதுதான். ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டாக்டரம்மா இப்பல்லாம் தொட்டே பாக்க மாட்டேங்கிறாங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க மேடம்."

எனக்குக் கோபம். சிஸ்டர் பார்த்தால் 140, நான் பார்த்தால் 130 ஆகிவிடுமா? ஆனால் கைராசி என்றொரு சொல்லை வைத்திருக்கிற ஊர் இது. ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுத்த மாதம் வேறு டாக்டரிடம் போய்விடுவார், அவ்வளவுதான். இப்போது பிரஷர் மட்டும் நானே பார்க்கிறேன். பட்டையைச் சுற்றும்போதுதான் "அப்புறம் இன்னொண்ணும்மா..." என்று வந்த காரணமே வெளியே வருகிறது.

இது சின்ன விஷயம். பெரிதாக மாட்டிக்கொண்டது வாட்ஸ்அப்பில்.

சொந்தத்தில் நான் ஒருத்திதான் டாக்டர். ஒருநாள் இரவு பத்தே முக்காலுக்குப் பெரியப்பா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினார். கூடவே ஒரு கும்பிடு பொம்மை. கேள்வி எதுவும் இல்லை. முதல் படத்தில் சர்க்கரை அளவு. "பரவாயில்ல பெரியப்பா, கட்டுப்பாட்டுலதான் இருக்கு" என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டாவது படத்தைத் திறக்கவே இல்லை. அதில் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.9, இருக்க வேண்டியதைவிட அதிகம்.

மூன்று வாரம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். "அவருக்குக் கால் வீங்கிக் கெடக்கு. நீதானம்மா எல்லாம் நல்லாருக்குன்னு சொன்ன?" விசாரித்தால், முழங்கால் வலிக்கென்று மெடிக்கலில் தானே வாங்கி டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டிருக்கிறார். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருடைய கிட்னி அதை எவ்வளவு நாள் தாங்கும்?

கேட்காமலே எல்லாம் பார்த்துவிடுவேன் என்று அவர் நினைத்தார். தேவை என்றால் கேட்பார் என்று நான் நினைத்தேன். ஒரு வரி கேட்டிருக்கலாம், இரண்டு பேருமே. ஆனால் தப்பு என்னுடையதுதான், படித்தவள் நான். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 தேதியிட்டு வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், நேரில் பார்க்கும்போது உள்ள பொறுப்பு போனிலும் மெசேஜிலும் அப்படியே உண்டு என்கிறது. நேரில் வாருங்கள் என்று சொல்ல டாக்டருக்கு உரிமையும் தருகிறது. அந்த உரிமையை நான் சொந்தக்காரர்களிடம் பயன்படுத்தியதே இல்லை.

டாக்டர்கள் நாலு பேர் கூடினால் "ஜனங்க எதிர்பார்ப்பு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு" என்பதுதான் பேச்சு. நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது பாதிதான் ஒத்துக்கொள்வேன். "அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்று தாராளமாகச் சொல்வது நாம்தானே? குடும்பத்துக்கே நாம்தான் தெய்வம் என்பது நமக்கும் பிடித்திருக்கிறது. எது முடியும், எது முடியாது என்று சொல்லிவிட்டால் அந்தப் பீடம் ஓர் அடி இறங்கிவிடும் என்கிற பயம்.

இப்போது சொல்லிவிடுகிறேன். ராத்திரி அவசரம் என்றால் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். ரிப்போர்ட் அனுப்பினால் என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், மறுநாள் மதியம் பார்ப்பேன். முக்கால்வாசிப் பேர் சரி என்று விட்டார்கள். ஒரு மதினி மட்டும் அதிலிருந்து பேசுவதில்லை. வீட்டில் மகளிடம் "ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். பத்து மணி என்றால் பத்து.

வலி மாத்திரையை நிறுத்தி, சிறுநீரக டாக்டரிடம் காட்டிய பிறகு பெரியப்பாவின் கிரியேட்டினின் 1.4இல் நிற்கிறது. போன வாரம் புது ரிப்போர்ட் அனுப்பியிருந்தார், காலை ஐந்து மணிக்கு. அதே கும்பிடு பொம்மை. கீழே ஒரு வரி: "மொத்தம் நாலு படம்மா. நாலையும் பாரு."