மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது

புதுச்சேரியில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, நகரைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்து சிகிச்சை பெற்றுத் திரும்புவோர் ஏராளம். இத்தனை இருந்தும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) துணையுடன் நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு மிகுந்த பகுதிகளின் வரிசையில் கோவாவுக்கு அடுத்து, 26.3 சதவீதத்துடன் நின்றது நம் புதுச்சேரிதான். நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. வந்த நோயைப் பார்த்துக்கொள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். வராமல் தடுக்கும் வேலையின் பெரும்பகுதி நம் வீட்டிலும் நம் மாலை நேரத்திலும்தான் நடக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்மிடையே ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது: "இந்தக் காலத்தில் சர்க்கரை யாருக்குத்தான் இல்லை?" ஆறுதலாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சு, பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதற்கான சாக்காகவும் மாறிவிடுகிறது. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போன பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலியும் தெரியவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவருடைய முறுக்கு டப்பாவில் மாத்திரை அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. காலை, மதியம், இரவு என்று பேத்தி ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். நோய் பல ஆண்டுகள் உள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையமோ, அவர் காய்கறி வாங்கப் போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

"அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரத்தான் செய்யும்" என்பது அடுத்த பேச்சு. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நம்மை முன்கூட்டியே எச்சரிக்கும் செய்தி என்பதால், மற்றவர்களைவிட நாம்தான் சீக்கிரம் விழித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நம் சோறும் சாம்பாரும் சாப்பிட்டு வளர்ந்த உடம்புகளிலும் இது நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, கணக்கை உப்பு டப்பாவிலிருந்தே தொடங்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 50 நாள் வர வேண்டும். பொட்டலம் பிரித்த தேதியை அதன்மேல் எழுதி வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. இத்தனைக்கும் கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவே சேராது. இதற்கு மருத்துவர் வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு பேனா போதும்.

நடைப்பயிற்சி பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராத கடற்கரைச் சாலை நமக்கு வாய்த்திருக்கிறது. கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. நடந்து முடித்ததும் பஜ்ஜித் தட்டோடு உட்காருவதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பொறுப்பு என்ற சொல்லை நோயாளிகளைக் குத்திக்காட்டும் ஆயுதமாக்குவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். விடிவதற்குள் துறைமுகத்தில் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாக அலைந்து, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிடும் ஒரு பெண்ணிடம் போய் "நேரத்துக்குச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்பது நியாயமாகாது. நடக்க நடைபாதையும் பள்ளி வாசலில் நல்ல தின்பண்டமும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அதை விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நேரமும் வசதியும் வாய்த்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

எனக்கு உள்ளபடியே மிகுந்த கவலை தருவது நம் வீட்டுப் பெண்களின் நிலைதான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மீந்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொள்ளும் அம்மா, தனக்கென்று ஒரு பரிசோதனை வேண்டும் என்று கேட்கவே மாட்டார். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தொட்டாலே கவனம் தேவை என்பது இந்தியர்களுக்கென்று வகுத்த அளவு. தையல்காரர் டேப் இருந்தால் இன்றே பார்த்துவிடலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்கும் 125-க்கும் இடையே இருந்தால், அதுவே திருத்திக்கொள்ள ஏற்ற காலம். முப்பது வயதைக் கடந்த எவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். இரவு உணவுக்குப் பிறகு எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், காலைக் காப்பியும் குடிக்காமல் போக வேண்டும். ஆகவே, அம்மாவையோ மனைவியையோ அழைத்துப் போகும் அந்த ஒரு நாள் காலைச் சமையலை வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "இட்லி ஊற்றி வைத்துவிட்டு வருகிறேன்" என்று தொடங்கி, அன்றைக்கும் அவர் போகாமலேயே இருந்துவிடுவார்.