அயிரையையும் கரம்பையையும் சோதிக்காத ஆய்வு

வைகையின் மாசைப் பற்றி மதுரையில் பேச்செழும்போதெல்லாம் ஒரு புட்டித் தண்ணீரின் சோதனை முடிவுதான் முன்வைக்கப்படுகிறது. குளிப்பதற்குரிய நீரில் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது, கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வரம்புகள் அவசியமானவையே. ஆனால் அந்த நீரை எங்கே, எப்போது எடுத்தார்கள் என்பதைச் சொல்லாத எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன். சித்திரைத் திருவிழாவுக்கு அணை திறந்த வாரத்தில் எடுத்த நீரும், பங்குனியில் பந்தல்குடி வாய்க்கால் ஆற்றில் கலக்கும் இடத்தில் எடுத்த நீரும் ஒரே ஆற்றைக் காட்டுவதில்லை. பாசி மண்டிய கண்மாயில் நண்பகலில் நிறைவாகத் தெரியும் ஆக்ஸிஜன், இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் வெகுவாகக் குறைந்துவிடும். மீன்கள் செத்து மிதப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

தண்ணீர் ஓடிவிடும், களிமண் ஓடாது. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் களியிலும் மட்கிய பொருளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் தங்குவதால், நீர் சுத்தம் என்று வந்த முடிவு வண்டலுக்குப் பொருந்தாது. அந்த அடிமண்ணில் மேய்வது நம் அயிரை மீன். மீன் ஆய்வுகள் பலவற்றில் சதையை மட்டும் அறுத்துச் சோதிக்கிறார்கள். விராலுக்கு அது ஓரளவு சரி. மெத்தில் பாதரசம் சதையில்தான் சேர்கிறது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை, வைகைப் படுகைக்கு நீர் தரும் பாம்பார் சோலைக்கு மேலே இருந்ததால், அந்தச் சோதனையும் நமக்கு வேண்டியதே. ஆனால் ஈயம் எலும்பிலும் செவுளிலும், காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கூடுதலாகச் சேர்பவை. அயிரையை நாம் தலை, முள், குடலோடு முழுசாகக் குழம்பு வைக்கிறோம். உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கும் நம் வீட்டுப் பக்குவம் குடலில் உள்ள மண்ணைக் குறைக்கலாம். ஈரலில் சேர்ந்ததை எடுக்காது. ஆகவே முழு மீனையும், சமையலுக்கு ஆயத்தமான நிலையிலேயே, அரைத்துச் சோதிக்க வேண்டும்.

கண்மாயின் அடியில் படியும் வண்டலான கரம்பைக்கும் இதே நியாயம் உண்டு. கோடையில் கண்மாயிலிருந்து கரம்பை அள்ளி வயலுக்கு அடிப்பது இந்தப் பக்கத்துச் சம்சாரிகளின் பழைய அறிவு. செம்மண்ணில் ஈரம் நிற்கவும் சத்துக் கூடவும் அதற்கு இணையானது குறைவு; அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நகரச் சாக்கடை விழும் கண்மாயின் கரம்பையில் மணிச்சத்து மட்டுமா சேர்ந்திருக்கும்? 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், கார அமில நிலை உள்ளிட்ட பன்னிரண்டு அளவீடுகள் உள்ளன. ஈயமும் காட்மியமும் அவற்றில் இல்லை. பயிருக்கு என்ன குறைகிறது என்பதைச் சொல்வதற்காக உருவான அட்டை அது. உண்பவருக்கு என்ன சேர்கிறது என்பதை அது சொல்லாது.

மதுரையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரே கண்மாயில் நீர், வண்டல், மீன், அந்தக் கரம்பை அடித்த வயலின் மண், அதில் விளைந்த நெல் ஆகிய ஐந்தையும் வெள்ளக் காலத்திலும் வறண்ட காலத்திலும் சேர்த்து எடுத்துப் பார்க்கும் ஆய்வை இவை கூட்டாகச் செய்ய வேண்டும். முடிவுகள், கரம்பை அள்ள அனுமதிச் சீட்டுக் கொடுப்பதற்கு முன்பே, கண்மாயின் பெயரோடு தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.