டொரான்டோ வுல்ஃப்பேக் தரமிறக்கப்படவில்லை

மேலே ஒருவர், கனடாவின் ரக்பி லீக் அணியான டொரான்டோ வுல்ஃப்பேக், இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக் தொடரான சூப்பர் லீக்கில் 2020-இல் எல்லா ஆட்டங்களிலும் தோற்று, கடைசி இடம் பிடித்துத் தரமிறக்கப்பட்டது, அதாவது கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது என்று எழுதியிருக்கிறார். தோல்விகள் உண்மைதான், லீக்கில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றார்கள். லீட்ஸ் அணியிடம் 66-12 என்று தோற்றதெல்லாம் ரொம்பப் பரிதாபம். ஆனால் அந்த அணி தரமிறக்கப்படவில்லை.

மார்ச்சில் கொரோனாவால் போட்டிகள் நின்றன. ஜூலை 20 அன்று, பணச் சிக்கல் காரணமாக இந்த ஆண்டு இனி ஆட முடியாது என்று கிளப்பே விலகிக்கொண்டது. அப்புறம் அவர்களுடைய லீக் முடிவுகள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. 2021-இல் மீண்டும் சேர அவர்கள் கேட்டபோது, நவம்பரில் மற்ற கிளப்புகள் வாக்களித்து மறுத்தன. அந்த இடம் லீ அணிக்குப் போனது.

சரிபார்ப்பது சுலபம். 2020 சூப்பர் லீக் இறுதிப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். பன்னிரண்டு அல்ல, பதினொரு அணிகள்தான் இருக்கும், டொரான்டோ இருக்காது. கடைசியில் நிற்பது ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். அடுத்து 2021 பட்டியலைத் திறந்தால், அதே ரோவர்ஸ் அங்கேயும் ஆடியிருப்பது தெரியும். 2020-இல் யாருமே தரமிறக்கப்படவில்லை.