மாஸ்டர் ரூம்

வீட்டுக்காரர்: என்ன மேஸ்திரி இது, எட்டுக்குப் பத்து அறையில் இரட்டைக் கட்டில்?

மேஸ்திரி: நீங்கள்தானே சார் போனில் சொன்னீர்கள்? மாஸ்டர் ரூமில் பெரிய கட்டில், ஏசி, அலமாரி. அட்டையில் குறித்தே வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்: மாஸ்டர் பெட்ரூம் என்றேன்!

மேஸ்திரி: பள்ளிக்கூடமாக இருந்தபோது ஹெட்மாஸ்டர் ரூம் இதுதான் சார். இந்த வாசலில் எத்தனை நாள் முட்டி போட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர்: நான் சொன்னது அந்தப் பெரிய ஹாலை.

மேஸ்திரி: அது மூன்றாம் வகுப்பு. அங்கேயும் ஒரு மாஸ்டர் தூங்குவார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியில்.

வீட்டுக்காரர்: சரி, கட்டிலை அங்கே மாற்றுங்கள்.

மேஸ்திரி: அது வராது சார். கட்டிலை உள்ளே போட்டுவிட்டுத்தான் வாசலுக்குப் புது நிலையே வைத்தேன். இனி நிலையைப் பெயர்க்கணும், இல்லையென்றால் கட்டிலை அறுக்கணும்.

வீட்டுக்காரர்: அட்டாச்டு பாத்ரூம் கேட்டேனே, அதாவது இருக்கிறதா?

மேஸ்திரி: அது பிரமாதமாக வந்திருக்கிறது. பாத்ரூம் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மாஸ்டர் ரூம் இந்தப் பக்கம். நடுவே 40 அடி. சேர்க்கச் சொன்னீர்கள், நடைபாதை போட்டு மேலே தகரம் இறக்கிச் சேர்த்துவிட்டேன்.

(வீட்டுக்காரர் நடைபாதையைப் பார்க்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.)

வீட்டுக்காரர்: போகட்டும். இந்த ஹால் சுவரிலாவது நான் சொல்கிறபடி செய்யுங்கள். பூச்சை முழுக்க உரித்துவிட வேண்டும். செங்கல் தெரியணும். ஹெரிடேஜ் லுக்.

மேஸ்திரி: இது காரைப்பூச்சு சார்.

வீட்டுக்காரர்: அதனால்தான் உரிக்கச் சொல்கிறேன்.

மேஸ்திரி: சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுப் பூசினது. செட்டியார் வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைப்பார்கள். இங்கே முட்டை மார்க் அட்டையில் மட்டும்தான். இருந்தாலும் நல்ல பூச்சு. செங்கல்லைக் காட்ட நினைத்திருந்தால் அந்தக் கொத்தனார் இத்தனை பாடுபட்டிருப்பாரா?

வீட்டுக்காரர்: செங்கல்தானே மேஸ்திரி அழகு?

மேஸ்திரி: நாட்டுச் செங்கல் சார், பாதி வெந்தது. மேலே சட்டை இருக்கிறவரைக்கும் கம்பீரமாக நிற்கும். கழற்றினால் மாவு மாதிரி உதிரும். தினமும் காலையில் பெருக்கி அள்ளணும்.

வீட்டுக்காரர்: வார்னிஷ் அடித்துவிட்டால்?

மேஸ்திரி: தரையிலிருந்து ஏறுகிற ஓதம் வெளியே போகணுமே. காரை அதை வெளியே விடும். வார்னிஷ் விடாது. உள்ளேயே நின்று உப்புப் பூத்து, செங்கல்லையே தின்றுவிடும். சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான்.

வீட்டுக்காரர்: ஊரெல்லாம் உரித்து வைத்திருக்கிறார்களே! போன மாதம் ஒரு ரிசார்ட்டில் என் கண்ணால் பார்த்தேன்.

மேஸ்திரி: அந்த ரிசார்ட் வேலைக்கு நானும் போனேன் சார். அது செங்கல் மாதிரி வருகிற ஓடு, முக்கால் அங்குலம், சிமெண்ட் சுவர் மேல் பசை வைத்து ஒட்டினோம். புதுக் கட்டடம் பழசாகத் தெரியணும் என்று அவர் ஒட்டினார். அதைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் பழைய கட்டடத்தை உரிக்கிறீர்கள்.

(இந்த உரித்த சுவரை, இதை எழுதுகிற நானே மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன். மூன்றிலும் சோபாவை ஓரடி தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள். சாய்ந்தால் முதுகு சிவந்துவிடும்.)

வீட்டுக்காரர்: உங்களுக்கு ஹெரிடேஜின் அருமை தெரியவில்லை. இந்தக் கட்டடம் 1865-ஆம் வருஷத்தது, தெரியுமா?

மேஸ்திரி: யார் சொன்னது?

வீட்டுக்காரர்: ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். பேசல் மிஷன், 1865. அச்சு இருக்கிறது. கிரகப்பிரவேசப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டேன்.

மேஸ்திரி: அது மங்களூரில் ஓட்டுக் கம்பெனி ஆரம்பித்த வருஷம் சார். அப்புறம் அடித்த ஓட்டிலும் அதையே குத்தினார்கள். எங்கள் மாட்டுக்கொட்டகையிலும் 1865 இருக்கிறது. மாடு பத்திரிகை அடிக்கவில்லை.

வீட்டுக்காரர்: அப்போ இந்தப் பள்ளிக்கூடம் எப்போது கட்டினது?

மேஸ்திரி: திறந்த அன்றைக்கு எங்கள் அப்பா அட்மிஷன் நம்பர் ஏழு. அவர் அதோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்: விடுங்கள். மாஸ்டர் பெட்ரூம் ஜன்னல் ஓரத்துக்கு ஒரு பழைய பெஞ்சு வாங்கி வந்திருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். தேக்கு. 18,000 ரூபாய்.

மேஸ்திரி: எந்த மாஸ்டர் ரூம்?

வீட்டுக்காரர்: மேஸ்திரி!

மேஸ்திரி: (பெஞ்சைக் குனிந்து பார்த்து) சார், போன மாதம் இங்கேயிருந்து 22 பெஞ்சு விறகுக்கடைக்குப் போட்டீர்களே, என்ன விலைக்கு?

வீட்டுக்காரர்: மொத்தமாக 6,000. எல்லாம் ஆடிப்போன சாமான். இது ஆன்டிக். இந்தக் கீறலைப் பாருங்கள், இதற்குத்தான் விலையே.

மேஸ்திரி: 'முத்து கழுதை' என்று இருக்கிறது.

வீட்டுக்காரர்: ஆமாம், என்ன இயல்பான எழுத்து!

மேஸ்திரி: காம்பஸ் ஊசி சார். கீறினது நான். முத்து அதோ மணல் சலிக்கிறான். கீறலுக்குத்தான் விலை என்றால் ஆளுக்குப் பாதி கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர்: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு) கூரை என்ன ஆச்சு?

மேஸ்திரி: ஓடு முழுக்கப் பிரித்து, கைமரம் மாற்றி, திரும்ப வேய்ந்தாயிற்று. மூன்று லட்சம் ஆகும் என்றேன், ஆயிற்று. நான் படித்தபோதும் இந்த மூலை ஒழுகும் சார். மழை வந்தால் எங்களை நாலாம் வகுப்பில் கொண்டுபோய் அடைப்பார்கள். 60 ஓடு மாற்றக் காசில்லை, காசில்லை என்றே எங்கள் பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓட்டினார்கள். அப்புறம் பிள்ளைகளெல்லாம் வேனில் ஏறி டவுனுக்குப் போய்விட்டன. கடைசியில் ஒன்பது பேர் படித்தார்கள். இப்போது மூன்று பேருக்குச் சொட்டு ஒழுகாது. அதிலும் இரண்டு பேர் பெங்களூரில்.

வீட்டுக்காரர்: விற்றார்கள், வாங்கினேன். அதற்கு நான் என்ன செய்ய?

மேஸ்திரி: உங்களைச் சொல்லவில்லை சார். ஒழுகாது என்று சொல்ல வந்தேன்.

வீட்டுக்காரர்: அந்தத் தண்டவாளத் துண்டு மட்டும் தொங்கியபடியே இருக்கட்டும். அதுதான் காலிங் பெல். சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்.

மேஸ்திரி: இப்போது வேண்டாம் சார்.

(வீட்டுக்காரர் இரும்புக் கம்பியால் விடாமல் ஒரு நிமிடம் அடிக்கிறார். நல்ல சத்தம். சித்தாள்கள் சட்டியைக் கவிழ்க்கிறார்கள். முத்து சல்லடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவுகிறார். மரத்தடியில் பெரியவரும் எழுந்துவிட்டார்.)

வீட்டுக்காரர்: எங்கே கிளம்பிவிட்டார்கள்? மணி மூன்றுதானே!

மேஸ்திரி: நீள பெல் அடித்துவிட்டீர்களே சார். விட்டாச்சு.

வீட்டுக்காரர்: அப்போ சுவர்? கட்டில்? நாளைக்காவது வருவீர்களா?

மேஸ்திரி: நாளைக்கு ஞாயிறு சார். பள்ளிக்கூடம் லீவு.