லைற்றர் சொக்கற்றில் பெரிய பியூஸ் போட வேண்டாம்

"காருக்கு ஹாம் ரேடியோ (ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசும் ரேடியோ) பூட்டுவது சுகம், சிகரெட் லைற்றர் சொக்கற்றில் செருகுங்கள், பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸ் போடுங்கள்" என்றொரு தகவல் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வைபரில் சுற்றுகிறது. இது பிழை, ஆபத்தும்கூட.

கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தச் சொக்கற் போதும். பொதுவாக 1 அம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். 50 வாற்று செற்றில் பேச பட்டனை அழுத்தினால் கதை வேறு. 10 அம்பியர் அளவுக்கு ஏறிவிடும். சொக்கற்றின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15. அது காப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய வயரை. அதில் 30 போட்டால் பியூஸ் எரியாது, வயர்தான் உருகும்.

சரி, எப்படிப் பூட்டுவது? பற்றரியிலிருந்தே தனியாகத் தடித்த வயர் இழுங்கள். பியூஸ் பற்றரி முனைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் அறைத் தகட்டுக்குள்ளால் வயர் வரும் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். எங்கள் உள்வீதிகளின் கிரவல் குலுக்கலில் தகட்டு விளிம்பு வயரின் உறையை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பியூஸ் ரேடியோப் பக்கம் மட்டும் இருந்தால், தகட்டுத் துளையில் ஏற்படும் ஷோர்ட்டை அது தடுக்காது.

அப்புறம், பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் அழைப்புக்குறியும் (பேசுபவரை அடையாளம் காட்டும் எழுத்து, எண் குறி) வேண்டும்.